குடியானவர் கையில் ஒரு நாடு: காகா மாகாணம், 1488 முதல் 1580 வரை

ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜித்சுகோ என்ற மதகுரு, தம் மரபின் பழைய செய்திகளை எழுதி வைத்தபோது காகா மாகாணத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதினார். தொகாஷி குடும்பத்து ஆளுநரைக் குடியானவர்களே பதவியில் உட்கார வைத்தார்கள். அதனால் அவர்கள் கை ஓங்கிவிட்டது. அண்மைக் காலமாக அது குடியானவர்கள் வைத்திருக்கும் நாடு போல ஆகிவருகிறது. ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் வரி இது. ஆனால் எடுத்தாளும்போது கடைசியில் உள்ள ‘போல’ பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. ‘குடியானவர் வைத்திருந்த நாடு’ என்று அது சுருங்கிவிடுகிறது.

1488 முதல் 1580 வரை, ஏறத்தாழ 90 ஆண்டுகள், காகா உண்மையில் யார் கையில் இருந்தது? ஊர் மட்டத்தில் குடியானவர் கையில் இருந்தது என்றே நான் நம்புகிறேன். மேல்மட்டத்தில் முதல் 40 ஆண்டுகள் மட்டுமே அது உள்ளூர்க்காரர் கையில் இருந்தது. பிறகு அதைப் பறித்தவர்கள் வாளேந்திய பிரபுக்கள் அல்லர். அந்த மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அவர்களுடைய சொந்த மடம்.

நாடு பிறந்த கதை

காகா இன்றைய இஷிகாவா மாநிலத்தின் தென்பாதி. மேற்கே ஜப்பான் கடல். தென்கிழக்கே 2,702 மீட்டர் உயரமுள்ள ஹகுசான் மலை. மலையிலிருந்து இறங்கும் தெதோரி ஆறு நடுவே விசிறிபோல் வண்டலைப் பரப்பி நெல்வயல்களை உண்டாக்கியிருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும் பூமி.

பழைய அரசமைப்பின்கீழ் கடைசியாக உருவான மாகாணம் இது. 823 வரை தெற்கே உள்ள எச்சிசென் மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. எச்சிசென் ஆளுநரே தலைநகருக்கு மனு எழுதிப் பிரிக்கச் சொன்னார். அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. மாகாணத் தலைமையிடம் வெகு தொலைவு. இடையே ஆறுகள், பனி. மாவட்ட அதிகாரிகள் அடாவடி செய்தாலும் மக்கள் வந்து முறையிட முடியவில்லை, ஊரைவிட்டு ஓடிப்போகிறார்கள். குடிகளின் குறை கேட்க வழியில்லை என்பதற்காகவே ஒரு மாகாணம் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் அதன் தரநிலையும் உயர்த்தப்பட்டது.

அடுத்த 600 ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1170களில் காகாவின் துணை ஆளுநர் ஹகுசானைச் சேர்ந்த ஒரு கோயிலை எரித்தார். மலைக் கோயில்காரர்கள் தெய்வப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு கியோத்தோவை நோக்கி நடந்தார்கள். 1177இல் ஆளுநர் நாடுகடத்தப்பட்டார். ஆளுகிறவரை எதிர்க்கும்போது தெய்வத்தை முன்னால் நிறுத்தும் பழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதல்ல.

யோஷிசாகி மேடு

1465இல் கியோத்தோவில் ஹொங்கான்ஜி என்ற சிறிய மடத்தை, ஹியே மலையின் என்ரியாகுஜி மடத்து ஆயுதத் துறவிகள் இடித்துத் தள்ளினார்கள். அமிதாப புத்தரின் பெயரை நம்பிச் சொன்னாலே போதும், விடுதலை உண்டு என்று கற்பித்த ஷின்ரானின் மரபு அது. திருமணம் செய்துகொள்ளும் குருமார்களின் மரபு. அதன் எட்டாம் தலைவர் ரென்னியோ ஊர் ஊராக அலைந்து, 1471இல் எச்சிசெனின் வடகோடியில், காகா எல்லையை ஒட்டிய யோஷிசாகி என்ற மேட்டில் குடியேறினார். சில ஆண்டுகளில் அங்கே அடியார் வெள்ளம் பெருகியது.

ரென்னியோவின் திறமை எதில் இருந்தது? முதலாவது, கடிதம். படித்தவர்களின் சீன எழுத்துநடையை விட்டு, அசை எழுத்துகள் கலந்த பேச்சுக்கு நெருக்கமான நடையில் சிறு சிறு கடிதங்கள் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் நடுவே ஒருவர் சத்தமாக வாசித்தால் போதும். இரண்டாவது, உட்காரும் இடம். உயர்ந்த இருக்கையை நீக்கிவிட்டு அடியார்களோடு ஒரே தரையில் உட்கார்ந்தார். அன்றைய ஜப்பானில் இது சிறிய செயல் அல்ல. மூன்றாவது, ஊர் அறிந்த தந்திரம். ஒவ்வோர் ஊரிலும் குரு, மூத்தவர், ஊர்த்தலைவர் ஆகிய மூவரும் வழிக்கு வந்துவிட்டால் மற்றவர்கள் தாமாக வருவார்கள் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஊரில் ‘கோ’ என்ற மாதக் கூடல் நடந்தது. யாரோ ஒருவர் வீட்டில் கூடுவார்கள். சுவரில் அமிதாபர் பெயர் எழுதிய சுருள் தொங்கும். கடிதம் வாசிப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள். பேச்சு பக்தியோடு நிற்குமா? தண்ணீர், வரி, பக்கத்து ஊர்த் தகராறு எல்லாம் அங்கே வரத்தானே செய்யும். அந்தக் காலத்து ஜப்பானில் ‘இக்கி’ என்றால் முதலில் கலகம் என்று பொருளில்லை. ஒரே வழியில் நிற்பது, ஒருமனப்பட்டுக் கட்டுண்பது என்றுதான் பொருள். உறுதிமொழி எழுதி, எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கலந்து எல்லோரும் குடிப்பார்கள். சிற்றூர் வீரர்கள், வணிகர்கள், உழவர்கள் எனப் பலரும் இப்படிக் கட்டுண்டு வந்தார்கள். காகாவில் அந்தக் கட்டு, மாதக் கூடலோடு சேர்ந்தது. இந்தச் சேர்க்கையிலிருந்துதான் பின்னால் நடந்த எல்லாம் முளைத்தது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். ஜித்சுகோ எழுதிய ‘ஹியாக்குஷோ’ என்ற சொல்லைக் குடியானவர் என்று பெயர்த்திருக்கிறேன். அது உழவரை மட்டும் குறித்த சொல் அல்ல. படகோட்டி, வணிகர், கைவினைஞர், மலைவாசி என வரி கட்டும் பொதுக்குடிகள் பலரையும் அது அணைத்துக்கொண்டது. காகாவின் கூட்டணியில் சிறு நிலக்கிழார்களும் வாளேந்தியவர்களும் இருந்தார்கள். வெறும் ஏழை உழவர் புரட்சி என்று இதைப் படித்தால் பாதி தவறாகப் போய்விடும்.

தகாவோ கோட்டை

அப்போது நாடே ஓனின் போரில் (1467–1477) இரண்டாகக் கிழிந்து கிடந்தது. காகாவில் தொகாஷி குடும்பத்து அண்ணன் மசாச்சிகா கிழக்கு அணி, தம்பி மேற்கு அணி. தம்பிக்கு ஷின்ரான் மரபின் போட்டிக் கிளையான தகாதா பிரிவு துணை நின்றது. 1474இல் ஹொங்கான்ஜி அடியார்கள் அண்ணன் பக்கம் சேர்ந்து தம்பியை விரட்டினார்கள். பதிலுக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மறு ஆண்டே மசாச்சிகா அவர்கள் மேல் பாய்ந்தார். பலர் கிழக்கே எத்சூ மாகாணத்துக்கு ஓடினார்கள்.

ரென்னியோ இந்தச் சண்டையை விரும்பவில்லை. நெஞ்சுக்குள் நம்பிக்கையை வை, வெளியே அரசின் சட்டத்துக்கு அடங்கு என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஆளுநரை இகழாதே, மற்றத் தெய்வங்களைப் பழிக்காதே என்று விதிகள் போட்டார். யாரும் கேட்பதாக இல்லை. 1475இல் யோஷிசாகியை விட்டே கிளம்பிவிட்டார்.

1487இல் நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான இளம் ஷோகுன் அஷிகாகா யோஷிஹிசா, ஓமி மாகாணத்து ரொக்காக்கு குடும்பத்தை அடக்கப் படையெடுத்தார். மசாச்சிகா தம் படையோடு போனார். படைக்குச் சோறு வேண்டும், சுமக்க ஆள் வேண்டும். சுமை முழுவதும் காகாவின் குடிகள் தலையில் விழுந்தது. ஆளுநர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஊர்கள் எழுந்தன. ஆண்டு முடிவதற்குள் அவர் அவசரமாகத் திரும்பி, இன்றைய கனசாவா நகருக்குத் தெற்கே உள்ள தகாவோ மலைக்கோட்டையில் புகுந்தார்.

அடுத்த ஆண்டு கோடையில் கோட்டை முற்றுகைக்குள்ளானது. பக்கத்து மாகாணங்களிலிருந்து வந்த உதவிப் படைகளை எழுச்சிக்காரர்கள் எல்லையிலேயே மறித்தார்கள். சூழ்ந்தவர்கள் இரண்டு லட்சம் பேர் என்று கியோத்தோ ஜென் மடம் ஒன்றின் நாட்குறிப்பு சொல்கிறது. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தலைநகரில் இருந்தவர்களுக்கு வயிறு எவ்வளவு கலங்கியது என்பதை அந்த எண் காட்டுகிறது. 1488, பழைய நாட்காட்டியின் ஆறாம் மாதம் 9ஆம் நாள் கோட்டை விழுந்தது. மசாச்சிகா தற்கொலை செய்துகொண்டார். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த மனிதர்.

வென்றவர்கள் அடுத்துச் செய்ததுதான் அவர்களுடைய அரசியல் அறிவைக் காட்டுகிறது. ஆளுநர் பதவியை அவர்கள் ஒழிக்கவில்லை. தொகாஷி குடும்பத்திலேயே முதியவரான யாசுதாக்காவைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார்கள். பழைய பெயர் நீடித்தது, அதிகாரம் இடம் மாறியது. காகாவின் அடியார்களை மரபிலிருந்து விலக்கு என்று ஷோகுன் ரென்னியோவுக்கு ஆணையிட்டார். ஷோகுன் அரசின் பெருந்தலைவர்களில் ஒருவரான ஹொசோகாவா மசாமோத்தோ குறுக்கே நின்று சமாதானம் பேச, ரென்னியோ ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு முடித்துக்கொண்டார். விலக்கவில்லை. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அடியார் பெருக்கத்தை இழக்க மடத்துக்கு மனமில்லை என்பதும் அதில் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாட்டை நடத்தியவர்கள்

உச்சியில் மூன்று கோயில்கள் இருந்தன: ஷோகோஜி, கோக்கியோஜி, ஹொன்சென்ஜி. மூன்றிலும் தலைமை ரென்னியோவின் பிள்ளைகளிடம். அவருக்கு 27 குழந்தைகள். மகன்களைக் குருக்களாக ஊர்களில் நட்டதும் மரபு பரவிய வழிகளில் ஒன்று. கோயில்களுக்குக் கீழே காகாவின் நான்கு மாவட்டங்களும் தத்தம் அவை வைத்திருந்தன. மாவட்டத்துக்குள் ‘குமி’ என்ற குழுக்கள். அவற்றுக்கு உள்ளூர்ச் செல்வாக்குள்ள தலைவர்கள். அடியில் ஊர், ஊருக்குள் மாதக் கூடல். வழக்கு, எல்லைத் தகராறு, படைக்கு ஆள் என எல்லாம் இந்தப் படிகளில் ஏறி இறங்கின.

நிலவரி மறைந்துவிட்டதா என்றால், இல்லை. கியோத்தோவின் பிரபுக்களுக்கும் கோயில்களுக்கும் காகாவில் இருந்த மானிய நிலங்களின் உரிமை காகிதத்தில் அப்படியே நின்றது. அனுப்புவதா, எவ்வளவு அனுப்புவது என்பதை மட்டும் ஊரார் தீர்மானித்தார்கள். பத்தாம் தலைவர் ஷோன்யோ 1536 முதல் எழுதிய நாட்குறிப்பில், கியோத்தோப் பெரியவர்கள் ‘காகாவிலிருந்து எங்கள் வாரம் வரவில்லை, நீங்கள் சொல்லி அனுப்புங்கள்’ என்று மடத்தின் வாசலில் வந்து நிற்கும் செய்திகள் நிறைய உண்டு. ஒரு காலத்தில் இடிபட்டு ஓடிய மடம், இப்போது பிரபுக்களுக்குச் சிபாரிசு செய்யும் இடத்துக்கு வந்துவிட்டது.

அதற்குள் காகாவில் ஒரு பெரிய முறிவு நடந்து முடிந்திருந்தது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் 1488லும் 1580லும் நின்றுவிடுகிறார்கள். நான் 1531லும் நிற்க விரும்புகிறேன்.

1506இல் காகாவின் படைகள் எச்சிசெனுக்குள் நுழைந்து குசுரியூ ஆற்றங்கரையில், எச்சிசெனை ஆண்ட அசாக்குரா குடும்பத்தின் படையிடம் பலத்த அடி வாங்கின. யோஷிசாகி அழிந்தது. எச்சிசெனில் இருந்த சோஷோஜி, ஹொன்காக்குஜி என்ற இரண்டு பெரிய கோயில்கள் அடைக்கலம் தேடிக் காகாவுக்கு வந்தன. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் உரசல். தலைமை மடத்தைப் பொறுத்தவரை, ரென்னியோவின் மகன்கள் நடத்திய மூன்று கோயில்களும் தன் பேச்சுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத உள்ளூர் அதிகாரம்; அகதியாக வந்த இரண்டும் தன்னையே நம்பி நிற்பவை. ஷோன்யோ அப்போது பதின்வயதுச் சிறுவன். அவன் பெயரில் காரியம் பார்த்தவர் அவனுடைய தாய்வழிப் பாட்டனார் ரென்ஜுன். அவரும் ரென்னியோவின் மகன்தான். அவர் அகதிக் கோயில்களின் பக்கம் சாய்ந்தார்.

1531இல் இரு தரப்பும் மோதின. மடத்தின் காரியஸ்தர் குடும்பமான ஷிமோத்சுமா படை திரட்டிக்கொண்டு ஹீதா மலைகள் வழியாக வந்தது. அடியார் அடியாரைக் கொன்றார். மூன்று கோயில்களும் வீழ்ந்தன. ஷோகோஜியின் ரென்கோ சிறைபிடிக்கப்பட்டு அதே ஆண்டு இறந்தார். ஹொன்சென்ஜியின் ரென்கோவும் (இவர் பெயர் ஜப்பானியத்தில் வேறு எழுத்து) ஊரைவிட்டு ஓடினார். இருவரும் ரென்னியோவின் மகன்கள், ரென்ஜுனின் உடன்பிறந்தவர்கள். தோற்ற பக்கம் நின்ற தொகாஷி ஆளுநரும் எச்சிசெனுக்குத் தப்பினார். பெயரளவு ஆளுநர் என்ற திரையும் அதோடு கிழிந்தது.

ஜித்சுகோவும் தோற்ற பக்கம்தான். ரென்னியோவின் பத்தாம் மகன் அவர். தகாவோ விழுந்து நான்கு ஆண்டு கழித்துப் பிறந்தவர். காகாவில் வளர்ந்து, இந்தச் சண்டையால் மரபிலிருந்து விலக்கப்பட்டு, 1550இல்தான் மன்னிக்கப்பட்டார். ‘குடியானவர்கள் வைத்திருக்கும் நாடு போல’ என்ற வரியை, அந்த நாட்டை உள்ளே இருந்து கண்டு, இழந்து, வெளியே நின்ற ஒருவரின் வரியாகப் படித்தால் அதன் கனமே வேறு.

1531க்குப் பிறகு ஆணைகள் நேராகத் தலைமை மடத்திலிருந்து வந்தன. மறு ஆண்டே கியோத்தோ அருகே யாமாஷினாவில் இருந்த மடம் எரிக்கப்பட, தலைமையகம் ஓசாகாவுக்குப் போனது. 1546இல் காகாவுக்கென்று சாய், அசானோ என்ற இரண்டு ஆறுகளுக்கிடையே உள்ள மேட்டின் நுனியில் மடத்தின் கிளை எழுந்தது. கனசாவா மிதோ, ஓயாமா கோபோ என்று இரண்டு பெயர்களும் வழங்கின. சுற்றிலும் கடைவீதி முளைத்தது. கனசாவா நகரத்தின் விதை அதுதான். ஊர்க்கூடல்கள் நின்றுவிடவில்லை. ஆனால் எங்கே போர், யாரோடு உறவு என்பதை இப்போது ஓசாகா சொன்னது.

முடிவு

அதன் விலை 1570இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஹொங்கான்ஜி, நாட்டைத் தன் கீழ்க் கொண்டுவரப் புறப்பட்ட போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவோடு போரில் இறங்கியது. காகாவும் இழுக்கப்பட்டது. பக்கத்து எச்சிசெனில் 1574இல் அடியார்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மடம் தன் அதிகாரிகளை அங்கே மேலே வைத்தது. உள்ளூர்க்காரர்கள் கசந்துபோனார்கள். 1575இல் நொபுனாகா உள்ளே வந்தபோது எதிர்க்க ஒற்றுமை இருக்கவில்லை. ஃபுச்சூ நகரில் பிணங்களால் இடமே இல்லை என்று நொபுனாகா கியோத்தோவிலிருந்த தம் அலுவலருக்கு எழுதினார்.

எச்சிசெனின் கொமாரு கோட்டை இடிபாட்டில் 1932இல் ஒரு கூரை ஓடு கிடைத்தது. அதில் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள்: பின்னால் வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பேசுங்கள், ஐந்தாம் மாதம் 24ஆம் நாள் எழுச்சி நடந்தது, மயேடா மத்தாசாயெமோன் ஆயிரம் பேரளவில் உயிரோடு பிடித்தார், சிலுவையில் அறைந்தார்கள், கொப்பரையில் போட்டு வேகவைத்தார்கள். மத்தாசாயெமோன் என்பது நொபுனாகாவின் தளபதி மயேடா தொஷியியேவின் பெயர். சில ஆண்டுகளில் காகாவின் அதிபதியாக வரப்போகிறவர்.

இடையில் வடக்கே எச்சிகோவின் உயெசுகி கென்ஷின் மடத்தோடு கைகோத்தார். 1577இல் தெதோரி ஆற்றங்கரையில் நொபுனாகாவின் தளபதி ஷிபாத்தா கட்சுயியேயை விரட்டினார். மறு ஆண்டு கென்ஷின் இறந்ததும் அந்த மூச்சும் நின்றது. 1580 வசந்தத்தில் மடத்தலைவர் கென்யோ நொபுனாகாவோடு சமாதானம் செய்து ஓசாகாவை விட்டு வெளியேறினார். அதே வசந்தத்தில் கட்சுயியேயும் அவருடைய மருமகன் முறையான சகுமா மொரிமாசாவும் கனசாவா மிதோவைப் பிடித்தார்கள். சமாதானம் காகாவைக் காப்பாற்றவில்லை.

ஹகுசான் அடிவார ஊர்க்காரர்கள் மட்டும் அடங்கவில்லை. தெதோரியின் மேல்பள்ளத்தாக்கில் தொரிகோயே என்ற மலைக்கோட்டை அவர்களுடையது. 1580 குளிர்காலத் தொடக்கத்தில் அது விழுந்தது. காகாவின் 19 தலைவர்களின் தலைகள் நொபுனாகாவின் அசூச்சி கோட்டைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு கோட்டையைத் திரும்பப் பிடித்தார்கள். மறுபடி இழந்தார்கள். 1582இல் கடைசியாக ஒரு முறை எழுந்தார்கள். பிடிபட்டவர்களில் 300க்கும் மேற்பட்டோர் சிலுவையில் அறையப்பட்டனர் என்பது பதிவு. மடம் கைவிட்ட பிறகு, தலைமை செத்த பிறகு, வெளி உதவி எதுவும் இல்லாத நிலையில் நடந்த எழுச்சிகள் இவை. ஊர்க்கூடலுக்குச் சொந்தமாக ஒரு பலம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. அந்த 300 பேரின் பெயர்களைத்தான் மனம் தேடுகிறது.

மயேடாவும் பின்னும்

1583இல், நொபுனாகாவின் இடத்தைப் பிடித்த ஹிதேயோஷியின் வெற்றிக்குப் பிறகு மயேடா தொஷியியே கனசாவாவுக்குள் நுழைந்து, மிதோ இருந்த அதே மேட்டில் கோட்டையை வளர்த்தார். 1600க்குப் பிறகு காகா, நோத்தோ, எத்சூ மூன்றும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு 12 லட்சம் கோக்கு அளவு மதிப்பு வந்தது. ஒரு கோக்கு என்பது ஏறத்தாழ 150 கிலோ அரிசி. 1639இல் இரண்டு கிளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த பின்னும் 10 லட்சத்துக்கு மேல் நின்றது. ஷோகுன் குடும்பத்தை விட்டால் நாட்டிலேயே பெரிய பண்ணை, அதாவது ஒரு பிரபு ஆளும் பகுதி. தங்கத் தாள், பட்டுச் சாயம், குத்தானி பீங்கான் எல்லாம் இந்தச் செல்வத்தின் நிழலில் வளர்ந்தவை. சுற்றுலாக் கையேடுகள் அதை நன்றாகவே எழுதுகின்றன.

என் கண் வேறிடத்தில் நிற்கிறது. மூன்றாம் தலைமுறை மயேடா தொஷித்சுனே 1651 முதல் 1656 வரை நிலச் சீர்திருத்தம் ஒன்றைச் செய்தார். வீரர்கள் தங்கள் மானிய ஊருக்கு நேராகப் போய் வசூலிப்பதை நிறுத்தினார். உழவரின் கடனைத் தள்ளினார். நெல்லும் பணமும் கடனாகக் கொடுத்தார். வரியை நிலையாக்கினார். பல ஊர்களுக்கு ஒருவராக, ‘தொமுரா’ என்ற பதவியில் செல்வாக்குள்ள குடியானவர்களையே அமர்த்தினார். உழவர்மேல் கொண்ட தாராள மனத்தால் மட்டும் இப்படிச் செய்யப்படவில்லை. வரி உறுதியாக வர வேண்டும் என்பது நோக்கம். இருந்தாலும், ஆளுநரைத் தற்கொலைக்குத் தள்ளிய மண்ணில் ஊரைக் கேட்காமல் ஊரை ஆள முடியாது என்று அந்தக் குடும்பம் உணர்ந்திருந்ததாகவே இதைப் படிக்கிறேன்.

1871இல் பண்ணைகள் ஒழிக்கப்பட்டன. கனசாவா மாநிலம் உருவானது. 1872இல் அலுவலகம் இஷிகாவா மாவட்டத்தின் மிக்காவா என்ற கடலோர ஊருக்கு மாற, மாநிலத்துக்கும் இஷிகாவா என்றே பெயர் வைத்தார்கள். ஓராண்டில் அலுவலகம் கனசாவாவுக்குத் திரும்பிவிட்டது, பெயர் திரும்பவில்லை. காகா என்ற பெயர் இன்று தெற்கே ஒரு நகராட்சியிலும், 2024 மார்ச்சில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்து நின்ற வெந்நீர் ஊற்று நிலையத்திலும், காய்கறிச் சந்தையிலும் வழங்குகிறது.

தொரிகோயே கோட்டை 1985இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. அதன் கீழே உள்ள பள்ளத்தாக்கின் ஊர்களில் ஷின்ரானின் நினைவாக ஆண்டுதோறும் ‘ஹோஒன்கோ’ நடக்கிறது. உறவும் அண்டையும் கூடுகிறார்கள். மலைக்கீரையும் சேம்பும் பயறும் சமைத்துச் சிவப்புக் கிண்ணங்களில் பரிமாறுகிறார்கள். வழிபாட்டின் முடிவில் ரென்னியோவின் கடிதம் ஒன்றை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் தலைகுனிந்து கேட்கிறார்கள்.